கைக்கும் சைஸ் உண்டு

வேலம்பாளையத்தில் ஒரு டி-ஷர்ட் ஆர்டர் வந்தால், துணிக்கு முன்பே வந்து சேர்வது அளவுப் பட்டியல். செஸ்ட், உயரம், தோள், கைநீளம், கழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் எஸ், எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் வரிசை இருக்கும். அனுமதித்த அளவைத் தாண்டிக் கூடினாலோ குறைந்தாலோ சைஸ் செட் சாம்பிள் பையரிடமிருந்து திரும்பி வந்துவிடும். அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரே பேட்டர்னை ஐந்து உடம்புக்கும் கிரேடிங் செய்துகொண்டிருப்பவர் கையில் இருக்கும் மவுஸ் மட்டும் யார் கையையும் அளக்காமல் வாங்கியது.

2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணையும்வரை தனி நகராட்சியாக இருந்த பகுதி இது. ஊரார் வாயில் இன்றும் 15 வேலம்பாளையம்தான். பனியன் தொழில் என்றதும் ஓவர்லாக் மெஷினும் அயர்னிங் மேசையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். மார்க்கர் போடுகிறவர்கள், எம்ப்ராய்டரிக்குப் பஞ்சிங் செய்கிறவர்கள், பிரிண்டிங்குக்கு டிசைனைக் கலர் கலராகப் பிரிக்கிறவர்கள், மெயிலும் எக்ஸெல் ஷீட்டுமாக ஓடும் மெர்ச்சன்டைசர்கள் என்று நாள் முழுக்க மவுஸை விடாத கைகளும் இந்தத் தொழிலில் ஏராளம். அவர்களுக்குக் கை வலித்தால் “உக்காந்த வேலைதானே” என்று சொல்லிவிடுகிறோம். அப்படித் தள்ளிவிடக்கூடிய வலி அல்ல அது.

பெரிய கையில் சின்ன மவுஸ்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனையைக் கொண்டு பில் இங்கிலீஷ் 1964இல் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் இரண்டு சக்கரம், மேலே ஒரு பொத்தான். அதன் பிறகு எத்தனையோ வடிவங்கள் வந்துவிட்டன. ஆனாலும் அலுவலகங்களில் அதிகம் புழங்குவது விலை குறைந்த, பையில் போட்டு எடுத்துப்போக வசதியான சின்ன மவுஸ்தான். லாஜிடெக் எம்185 என்ற பிரபலமான வயர்லெஸ் மவுஸின் நீளம் 9.9 சென்டிமீட்டர். சிறிய கைக்கு அது கச்சிதம். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள கைக்கு அதில் உள்ளங்கை உட்கார இடமே இல்லை.

அப்போது கை என்ன செய்யும்? விரல்கள் மடங்கி நகம் ஊன்றுவது போல் பொத்தானில் நிற்கும். உள்ளங்கையின் அடிப்பகுதி மேசையில் அழுந்தும், மணிக்கட்டு பின்பக்கமாக வளையும். மோதிர விரலும் சுண்டு விரலும் மேசையில் உரசிக்கொண்டே போகும். மவுஸ் நழுவாமல் இருக்கக் கட்டை விரல் இறுக்கிப் பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு இதெல்லாம் தெரியாது. ஷிப்மென்ட் நெருக்கடியில் இரவு பத்து மணிவரை இருக்கும்போது தெரியும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். சிறிய கை கொண்ட பெண்களுக்குப் பெரிய மவுஸைக் கொடுத்தால் விரலை நீட்டி நீட்டிப் பொத்தானைத் தேட வேண்டியிருக்கும். அதுவும் கெடுதல்தான்.

இழுப்பதுதான் பாரம்

மணிக்கட்டில் எட்டு சிறு எலும்புகளுக்கும் மேலே மூடியிருக்கும் ஒரு தடித்த நாருக்கும் இடையில் குறுகலான ஒரு வழி இருக்கிறது. கார்பல் டனல் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் என்ற நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. உள்ளே அழுத்தம் கூடினால் முதலில் நசுங்குவது நரம்பு.

அந்த அழுத்தத்தையே நேரடியாக அளந்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. பீட்டர் கெய்ர், ஜோயல் பாக், டேவிட் ரெம்பல் ஆகியோர் செய்தது. ஆரோக்கியமான 14 பேர் மூன்று வகை மவுஸ்களைப் பயன்படுத்தினார்கள். ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே அலகில், மவுஸ் மீது கையைச் சும்மா வைத்திருந்தபோது அழுத்தம் 17 முதல் 19 வரை இருந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஒன்றை இழுத்துப்போய் வைத்தபோது அது 29 முதல் 33 வரை ஏறியது. 30ஐ ஒட்டிய அழுத்தம் நீடித்தால் நரம்பின் வேலை பாதிக்கப்படலாம்.

திருப்பூருக்கு இதில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. மார்க்கர் போடுவது என்றாலே முன்பக்கம், பின்பக்கம், கைத்துண்டு, கழுத்துப்பட்டி என ஒவ்வொரு துண்டாக இழுத்து இழுத்து துணி அகலத்துக்குள் அடுக்குவதுதான். மீதமாகும் துணியை ஒரு சதவீதம் குறைக்க எத்தனை தடவை இழுத்து மாற்றுவார்கள் என்பது, கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வேலை நடக்கும் கேட் (CAD) அறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கையை வாட்டும் வேலை அதுதான்.

அதே ஆய்வில் மூன்று மவுஸ்களுக்கும் இடையே அழுத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. கைக்கேற்ற மவுஸ் பிடியைத் தளர்த்தும், மணிக்கட்டை நேராக்கும். இழுக்கும் வேலையைக் குறைக்காமல் மவுஸை மட்டும் மாற்றினால் போதாது.

விண்டோஸில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. மவுஸ் செட்டிங்கில் ‘கிளிக்லாக்’ என்பதை இயக்கினால், பொத்தானை ஒரு கணம் அழுத்தி விட்டுவிடலாம். விரலை எடுத்த பின்னும் துண்டு கூடவே வரும், மறுபடி கிளிக் செய்தால் நின்றுவிடும். காசில்லாத வைத்தியம் இது. பாயின்டர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவதும், அடிக்கடி செய்யும் கட்டளைகளைக் கீபோர்டுக்கு மாற்றுவதும் கையின் ஓட்டத்தைக் குறைக்கும். தானாகவே துண்டுகளை அடுக்கித் தரும் சாஃப்ட்வேர் இருந்தால் முதல் அடுக்கை அதனிடம் விட்டுவிட்டு, திருத்தத்தை மட்டும் கையால் செய்யலாம்.

இஞ்ச் டேப்பை எடுங்கள்

கையை அளப்பது கஷ்டமே இல்லை. இஞ்ச் டேப் இல்லாத கம்பெனி இந்த ஊரில் கிடையாது. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை நீளம். கட்டை விரலை விட்டுவிட்டு நான்கு விரல் முட்டிகளின் குறுக்கே அகலம். இந்த இரண்டையும் குறித்துக்கொண்டால் போதும். உள்ளங்கை முழுவதையும் மவுஸில் படியவைத்துப் பிடிப்பவர்களுக்குக் கை நீளத்தில் சுமார் 60 சதவீதம் மவுஸின் நீளமாக இருக்கலாம் என்பது புழக்கத்தில் உள்ள ஒரு கணக்கு. விதி என்று கொள்ள வேண்டாம், கடையில் தேடத் தொடங்க உதவும். 20 சென்டிமீட்டர் கைக்கு 12 சென்டிமீட்டர் மவுஸ்.

சைஸ் பிரித்தே விற்கும் மவுஸ்களும் உண்டு. லாஜிடெக்கின் சிக்னேச்சர் எம்650 சாதாரண அளவிலும் எல் அளவிலும் வருகிறது. எல் அளவின் நீளம் சுமார் 11.5 சென்டிமீட்டர். அதே நிறுவனத்தின் எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர் நீளமும் நல்ல முதுகு உயரமும் கொண்டது. ஆனால் 141 கிராம் எடை, விலையும் அதிகம். கேம் விளையாடுகிறவர்களுக்காக வந்த ரேஸர் டெத்ஆடர் எசென்ஷியல் 12.7 சென்டிமீட்டர். பெரிய கைக்காரர்கள் அலுவலக மவுஸ் வரிசையோடு கேமிங் மவுஸ் வரிசையையும் பார்ப்பது நல்லது. நெதர்லாந்தின் ஹேண்ட்ஷூ மவுஸ் செருப்பு வாங்குவதுபோல் கை அளவு பார்த்து வாங்க வேண்டியது.

கைகுலுக்கும் வாக்கில் பிடிக்கும் செங்குத்து மவுஸ் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாஜிடெக் லிஃப்ட் சிறிய, நடுத்தரக் கைகளுக்கென்றே செய்தது. பெரிய கைக்கு அதே 57 டிகிரி சாய்வுள்ள எம்எக்ஸ் வெர்டிகல் பொருந்தும். ‘உடம்புக்கு நல்லது’ என்ற விளம்பரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தவறான அளவை வாங்கினால் பழைய தொல்லையே தொடரும். இடது கைக்காரர்களுக்குத் தெரிவு இன்னும் குறைவு. வளைவு வைத்த மவுஸ்கள் பெரும்பாலும் வலது கைக்கானவை என்பதால், இரண்டு பக்கமும் சமமாக உள்ள மவுஸில் பெரியதாகப் பார்த்து எடுக்கலாம்.

பஞ்சும் பழுதும்

கைக்குப் பொருந்திய மவுஸ் கிடைத்துவிட்டால், பழுதானதும் அதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. பனியன் கம்பெனிகளில் மவுஸுக்கு முதல் எதிரி காற்றில் பறக்கும் பஞ்சு. அடியில் உள்ள ஒளித்துளையில் ஒரு இழை சிக்கினாலும் திரையில் அம்பு நடுங்கும், அல்லது தாவும். ஸ்க்ரோல் சக்கரத்தின் அச்சில் பஞ்சு சுற்றிக்கொண்டால் படம் மேலும் கீழும் குதிக்கும். வாரம் ஒருமுறை காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்டுத் துடைத்தால் போதும்.

ஒரு கிளிக் செய்தால் இரண்டாக விழுவதும், அழுத்திப் பிடித்திருக்கும்போதே துண்டு கைநழுவிப்போவதும் பொத்தானுக்குக் கீழே உள்ள மைக்ரோ சுவிட்ச் தேய்ந்துவிட்டதன் அடையாளம். இதைப் பலர் இன்னும் பலமாக அழுத்திச் சமாளிக்கிறார்கள். அந்த அழுத்தம் முழுவதும் விரலின் தசைநாணில்தான் போய் விழுகிறது. சுவிட்சுக்கு மூன்று கால்; விலை சொற்பம். செல்போன் பழுது பார்ப்பவரிடம் சால்டரிங் கருவி இருக்கும், அவரால் மாற்றித்தர முடியும். அதிகம் தேயாத வலது பொத்தானின் சுவிட்ச் அதே ரகமாக இருந்தால், அதை இடதுபக்கம் மாற்றிப் போடுவதும் வழக்கத்தில் உள்ளது. திருகாணிகள் பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குத் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். பிரிப்பதற்கு முன் வயரையோ பேட்டரியையோ கழற்றிவிட வேண்டும். உள்ளேயே சார்ஜ் ஏறும் பேட்டரி உள்ள மவுஸில் கூர்மையான கருவியை நுழைக்கக் கூடாது.

புதிது வாங்க வசதியில்லை என்றால் இருப்பதையே பெருக்கலாம். முதலில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை மவுஸின் முதுகிலும் கட்டை விரல் பக்கமும் அப்பி, கை எங்கே நிறைகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அதே வடிவத்தில் செருப்புக்குப் பயன்படும் ஈவா ஃபோமை வெட்டி ஒட்டலாம். எம்-சீல் வைத்தும் செய்யலாம். ஆனால் கையுறை போட்டுப் பிசைய வேண்டும், எடை கூடாமல் மெல்லிசாக வைக்க வேண்டும். பொத்தானின் இடைவெளியையும் அடித்துளையையும் மூடிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எந்த விரல் மரத்துப்போகிறது?

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. இவை மரத்துப்போவதும், இரவில் தூக்கம் கலைந்து கையை உதறினால் குறைவதும் கார்பல் டனல் பாதிப்பின் அடையாளம். சுண்டு விரல் மரத்துப்போனால் முழங்கையில் உள்ள வேறொரு நரம்பைப் பார்க்க வேண்டும். கழுத்தோடு சேர்ந்து வலித்தால் கழுத்தெலும்பையும் பார்க்க வேண்டும். கட்டை விரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக வலித்தால் அது தசைநாண் உறை வீக்கமாக இருக்கலாம்.

மவுஸே எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. டென்மார்க்கில் ஏறத்தாழ 7,000 பேரை ஓராண்டு கவனித்து 2003இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடிப்பவர்களிடம் இந்த அறிகுறிகள் கூடுவதைக் கண்டது. ஆனால் கம்ப்யூட்டர் வேலையே கார்பல் டனல் நோய்க்குப் பெரிய ஆபத்து என்று முடிவுகட்டவில்லை. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, உடல் பருமன், கர்ப்ப காலம் ஆகியவையும் காரணமாகும். அதனால் மரத்துப்போகும் கைக்கு ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். தேவைப்பட்டால் நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனையும் செய்வார்கள். ஆரம்பத்தில் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையிலேயே பலருக்குக் குறையும். பொருள்கள் கைநழுவி விழுவதும் கட்டை விரலடிச் சதை வற்றுவதும் தாமதித்துவிட்டதன் அறிகுறிகள்.

மேசையும் நேரமும்

முழங்கை அந்தரத்தில் தொங்கக் கூடாது. முன்கைக்குத் தாங்கல் கொடுத்து மவுஸையும் மாற்றியபோது கழுத்து, தோள் வலி குறையக்கூடும் என்று 2012இல் காக்ரேன் குழுமம் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. மணிக்கட்டுக்கு அடியில் தலையணை வைப்பவர்கள் அதில் அழுந்திக் கிடக்காமல், ஓய்வு நேரத்தில் மட்டும் கையை வைக்கலாம். அரைமணிக்கு ஒருமுறை மவுஸை விட்டு எழ வேண்டும். வலியோடு வலியாக வேலையை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும்.

பையர்களின் ஆடிட்டுக்காகத் தையல் தளத்தில் ஊசிக் காப்பும் வெளிச்சமும் சரிபார்க்கும் நிர்வாகங்கள், கேட் அறையிலும் ஒருமுறை இஞ்ச் டேப்போடு நுழையட்டும். அடுத்த முறை மவுஸ் வாங்கும்போது மொத்தமாக ஒரே ரகத்தை எடுக்காமல், யார் கைக்கு எது என்று கேட்டு வாங்கட்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ள, இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்படும் அலுவலக ஊழியர்களுக்கும் தையல் தொழிலாளிக்கு உள்ள அதே சிகிச்சை உரிமை உண்டு. கை மரத்துப்போவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் இஎஸ்ஐ அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.