உப்பு நீரில் ஒரு பொறி

விருதுநகர் மாவட்டத்தில் ஆனைக்குட்டம் அணையைத் தாண்டும் அர்ச்சுனா நதி, வைப்பாற்றில் கலந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. அணையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு நெருப்புப் பொறிதான் பிழைப்பு. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபோது, இந்தக் கரிசல் சீமையின் வறண்ட காற்றே அவர்களுக்கு மூலதனமாயிற்று. அதே ஆறு கடலைத் தொடும் இடத்தில் ஃபைபர் படகுகளின் பின்னால் தொங்கும் மோட்டார்களுக்கும் ஒரு பொறி வேண்டும். அங்கே காற்றே உப்பு.

பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் எஞ்சினில், சுழலும் காந்தம் பிறப்பிக்கும் மின்சாரத்தை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. ஸ்பார்க் பிளக்கின் முனையில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட சுமார் 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் அதைப்போல் பல மடங்கு வேண்டும். அவ்வளவு மின்னழுத்தத்தோடு வரும் மின்சாரம் எளிய வழி கிடைத்தால் அந்தப் பக்கம் போய்விடும். லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு கொண்ட கடல்நீர் அந்த வழியைத் திறந்துவிடுகிறது.

நல்ல தண்ணீர் தெறித்தால் காய்ந்ததும் தொல்லை தீர்ந்தது. கடல்நீர் காய்ந்தால் உப்பு தங்கும். இரவுக் காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டு மறுபடி கசியும். மாலையில் ஒழுங்காக ஓடிய மோட்டார் விடியற்காலையில் எத்தனை முறை கயிறு இழுத்தாலும் கிளம்பாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பழுதான பிளக் மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், ரப்பரின் மேல் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு கிளைவிட்டு ஓடியிருக்கும். மின்சாரம் கசிந்து கசிந்து ரப்பரைக் கரியாக்கிய தடம் அது. கரியும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், துடைத்துக் காயவைத்தும் பயனில்லை. மூடியை மாற்றத்தான் வேண்டும்.

கவாசாகி நிறுவனம் 1973-ல் சந்தைக்குக் கொண்டுவந்த ஜெட் ஸ்கீ போன்ற நீர் ஸ்கூட்டர்களில் சிக்கல் இன்னும் கூடுதல். மாமல்லபுரம், கோவளம் கரைகளைப் போல அலை மடிந்து விழும் இடத்தில் வண்டி கவிழும். வண்டியின் உடலுக்குள்ளேயே தண்ணீர் புகும். அதனால் மின் பாகங்களை இறுக மூடிய பெட்டியில் வைக்கிறார்கள். ஆனால் பெட்டியும் மூச்சுவிடும். உள்ளே இருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால் ஆறில் ஒரு பங்கு விரிந்து வெளியேறப் பார்க்கும். பிறகு அலை அடித்துக் குளிர்ந்ததும் சுருங்கி, ரப்பர் வளையத்தின் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும்.

கையில் கிடைத்த சிலிக்கோனை அப்பி இதைச் சரிசெய்ய முயல்வது ஆபத்து. வினிகர் வாடை அடிக்கும் வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும்; அது செம்புக் கம்பிகளைப் பச்சை பூக்கவைத்து அரிக்கும். அந்த வாடை இல்லாத வகைதான் மின் இணைப்புகளுக்கு ஏற்றது. இணைப்பு முனைகளில் மின்கடத்தாத சிலிக்கோன் கிரீஸ், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, ரெசின் ஊற்றி நிரப்பிய இக்னிஷன் பெட்டி ஆகியவையே நம்பத்தகுந்த காவல்.

பொறியே வேண்டாம் என்பது இன்னொரு வழி. டீசல் எஞ்சினில் அழுத்தத்தால் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கும். காயிலும் பிளக்கும் இல்லை. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், அலை கடந்து கரையேறும் படகுகளை வடிவமைத்தபோது இந்த வழியில் போனது. டீசல் எஞ்சினை நீர் புகாத பெட்டிக்குள் வைத்து, கரை நெருங்கும்போது புரொப்பல்லரோடு சேர்த்துத் தூக்கிக்கொள்ளும்படி அமைத்தார்கள். நம் கிழக்குக் கடற்கரையின் அலையை அறிந்து செய்த நல்ல வேலை அது.

ஆனாலும் எடை குறைவு, கையாள எளிது என்பதால் பொறி வைத்த மோட்டார்களைப் பலர் விடவில்லை. அவற்றுக்கு அன்றாட மருந்து நல்ல தண்ணீர்தான்: கரையேறியதும் வெளிப்புறத்தைக் கழுவி, மோட்டார் மூடிக்குள் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, காயவிட்டு மூட வேண்டும். கடற்கரை ஊர்கள் பலவற்றில் குடிக்கவே நல்ல தண்ணீர் இல்லாதபோது, எஞ்சினுக்கு எங்கே போவது? மீன் இறங்குதளங்களில் ஐஸுக்கும் டீசலுக்கும் இடம் ஒதுக்கும் அரசு, எஞ்சின் கழுவ ஒரு நல்ல தண்ணீர்க் குழாயையும் சேர்த்துப் போட வேண்டும்.