மொட்டை மாடி ஹாட் டப்: நம்ம டேங்க்குக்கு எந்த குளோரின்?

"ஹாட் டப் தண்ணிக்கு எந்த கெமிக்கல் போடணும்னு எழுதப் போறேன்" என்று சொன்னதும் ரூம்மேட் சிரிச்சுட்டான். "திருமானூர்ல யாருடா ஹாட் டப் வெச்சிருக்கா?"

மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு எங்க வீட்டுக் குழாயைத் திறந்து பாருங்க. மொட்டை மாடியில 1000 லிட்டர் கறுப்பு டேங்க். பக்கத்துலேயே கொள்ளிடம் இருந்தும், குழாயில வர்றது வெந்நீர்தான்.

போன கோடையில அந்தத் தண்ணியைக் குடிச்ச அப்பாயிக்கு வயித்துப்போக்கு. ரெண்டு நாள் ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. தண்ணிதான் காரணம் என்று யாரும் உறுதியா சொல்லல. ஆனா டேங்க்ல பிளீச்சிங் பவுடர் போட்டது நான். "அளவெல்லாம் எனக்குத் தெரியும்" என்று பெருமையா போட்டேன். எங்கே தப்பு விட்டேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சூடான தண்ணியில என்ன பிரச்சனை?

அமெரிக்காவின் சிடிசி, சாதாரண நீச்சல் குளத்துக்குக் குறைந்தது 1 பிபிஎம் குளோரின் போதும் என்கிறது. ஹாட் டப்புக்கு மட்டும் குறைந்தது 3 பிபிஎம் கேட்கிறது. (1 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 1 மில்லிகிராம்.) காரணம் சிம்பிள். வெப்பம் ஏறினா குளோரின் வேகமா சிதையும், ஆவியாகவும் போகும். அதே வெதுவெதுப்பு கிருமிகளுக்குப் பிடிச்ச இடம். நிமோனியா வரவைக்கும் லெஜியோனெல்லா 25 முதல் 45 டிகிரி வரைக்கும் நல்லா வளரும். நம்ம மாடி டேங்க் அந்த ரேஞ்சுலதான் கோடை முழுக்க இருக்கு.

கடையில கிடைக்கிறது என்னென்ன?

*பிளீச்சிங் பவுடர்:* விலை குறைவு, எங்கேயும் கிடைக்கும். புதுசா இருக்கும்போது சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். ஈரமும் சூடும் பட்டா வீரியம் இறங்கிடும்.

*சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம்:* கலக்குறது சுலபம், அடியில கசடு தங்காது. ஆனா வெயில்ல வெச்சா பவுடரைவிட சீக்கிரம் கெட்டுப்போகும். கொஞ்சமா வாங்கி, நிழல்ல வெச்சு, சீக்கிரம் தீர்க்கணும்.

*குடிநீர் குளோரின் மாத்திரை:* அளவு துல்லியம், ரொம்ப நாள் தாங்கும். விலைதான் அதிகம். நீச்சல் குளத்துக்குன்னு விக்கிற பெரிய மாத்திரை வேற, அதைக் குடிநீர்ல போடவே கூடாது.

*புரோமின்:* நிஜ ஹாட் டப்புல நிறைய பேர் இதைத்தான் போடுறாங்க. சூட்டுல குளோரினைவிட நல்லா தாங்கும், நெடியும் குறைவு. ஆனா வீட்டுக் குடிநீர் டேங்க்குக்கு இது வேண்டாம்.

கணக்கு

1000 லிட்டருக்கு 2 பிபிஎம் வேணும்னா 2 கிராம் குளோரின். 33 சதவீத பவுடர்னா சுமார் 6 கிராம். நானும் 6 கிராம்தான் போட்டேன். ஆனா அது ஆறு மாசமா கிணத்தடியில வாய் திறந்து கிடந்த பை. வீரியம் 10 சதவீதமா இறங்கியிருந்தா, 20 கிராம் போட்டிருக்கணும். கணக்கு சரி, அதுல போட்ட சதவீதம்தான் பொய்.

ஊர் டேங்க் ஆபரேட்டர் அண்ணன்கிட்ட சொன்னேன். "அளந்து போட்டா மட்டும் போதாது தம்பி. அரை மணி நேரம் கழிச்சு கலர் பாக்கணும்" என்றார். அவர் கையில குளோரோஸ்கோப். எங்க டேங்க் தண்ணியில ரெண்டு சொட்டு மருந்து விட்டார். குளோரின் இருந்தா மஞ்சளாகணும். நிறம் மாறவே இல்ல.

இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 படி, குழாய்க்கு வரும்போது குறைந்தது 0.2 பிபிஎம் குளோரின் மிச்சம் இருக்கணும். நாம போடுற 2 பிபிஎம்ல ஒரு பங்கை பாசியும் அழுக்கும் தின்னுடும். மிச்சம்தான் காவல்.

பி.எச். பார்க்காம போடாதீங்க

குளோரின் தண்ணியில ரெண்டு வடிவத்துல இருக்கும். கிருமியை நல்லா கொல்றது ஹைப்போகுளோரஸ் அமிலம். பி.எச். 7.5ல அது ஏறக்குறைய பாதி. 8.5க்குப் போனா பத்துல ஒரு பங்குதான். அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் பூமி, அதனாலதான் இத்தனை சிமென்ட் ஆலை. போர் தண்ணி ஊத்துறவங்க பி.எச். ஒரு தடவை பார்த்துடுங்க. 8க்குக் கீழே இருந்தா நல்லது.

அப்போ எது?

எங்க வீட்டுக்கு என் முடிவு: சின்ன பாக்கெட் புது பிளீச்சிங் பவுடர், காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுல, நிழல்ல.

1. முதல்ல டேங்க்கைத் தேய்ச்சுக் கழுவுங்க. பாசி இருந்தா எந்தக் கெமிக்கலும் வீண்.
2. பவுடரை வாளித் தண்ணியில கரைச்சு, கசடு தங்கினதும் தெளிஞ்ச தண்ணியை மட்டும் ஊத்துங்க.
3. சாயங்காலம் போடுங்க. வெயில் தாழ்ந்த பிறகு குளோரின் அதிக நேரம் நிக்கும்.
4. அரை மணி நேரம் கழிச்சு டெஸ்ட் பண்ணுங்க. கிட் ஆன்லைன்லயே கிடைக்கும்.
5. பாத்ரூம் கழுவுற ஆசிட் பட்ட வாளியில பவுடரைக் கரைக்காதீங்க. விஷ வாயு வரும்.

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில தண்ணி யூனிட்டை மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினவன் நான். இப்போ லீவுல ஊருக்குப் போனா டேங்க் என் பொறுப்பு. குடிக்கிற தண்ணியை அதுக்கு மேல காய்ச்சியும் ஆறவைக்கிறோம். நான் மாடியிலிருந்து இறங்கினதும் அப்பாயி கேக்குற முதல் கேள்வி, "கலர் பாத்தியாடா?"