ரிசப்ஷன் மணி எங்கே போச்சு?

சித்தூரிலும் திருப்பதியிலும் லாட்ஜ், மாங்கூழ் ஃபேக்டரி, ஆஸ்பத்திரி என்று இன்டர்காம் போடுவதுதான் என் பிழைப்பு. புரட்டாசி பிறந்தால் திருப்பதியிலிருந்தும், தோத்தாபுரி மாங்காய் வரத்து தொடங்கினால் சித்தூரிலிருந்தும் ஒரே புகார்: "அண்ணா, ஆபீஸ் போன் அடிக்கவே மாட்டேங்குது."

லைன் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். யாரோ ஃபார்வர்டு போட்டிருப்பார்கள்.

கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கம் ஒரு லாட்ஜ். 201 என்ற ஒரே எக்ஸ்டென்ஷன் ரிசப்ஷன், மேனேஜர் அறை, மாடி என மூன்று இடத்தில் அடிக்கும். மேனேஜர் சாப்பிடப் போகும்போது தன் மேஜை போனிலிருந்து செல்லுக்குத் திருப்பிவிட்டுப் போனார். தன் போனை மட்டும் திருப்பியதாக அவர் நினைப்பு. ஆனால் அந்த லாட்ஜின் இன்டர்காம் மெஷினில் ஃபார்வர்டு 201 என்ற எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று போனும் ஊமையாகிவிட்டன. ரூம் கேட்டு சென்னையிலிருந்து கூப்பிட்டவர்களுக்கெல்லாம் மணி அடித்தது அவர் செல்லில். அதுவோ அறையில் சார்ஜில் கிடந்தது.

இதற்கு நான் செய்வது இதுதான். மூவருக்கும் 201, 202, 203 என்று தனி எண். அவற்றுக்கு மேலே 200 என்று ஒரு குரூப். வெளி அழைப்பு எல்லாம் 200-க்கு வரும். ஒருவர் தன் எண்ணைத் திருப்பினாலும் மற்ற இரண்டும் அடிக்கும். ஃபார்வர்டில் மூன்று ரகம் உண்டு: எல்லா அழைப்பும், பிஸியாக இருந்தால், எடுக்காவிட்டால். குரூப்புக்குக் கடைசி ரகம் போதும். நம் ஊர் மணி மூன்று விநாடிக்கு ஒரு முறை அடிக்கிறது. ஐந்து மணி, அதாவது 15 விநாடி விட்டுத் திருப்பினால் சரியாக இருக்கும். முதல் ரகத்தை மேஜை போன்களில் பூட்டிவிடுவேன். சில முதலாளிகளுக்கு இது பிடிக்காது, நான் விடுவதில்லை.

செல் நம்பரையும் குரூப்புக்குள் சேர்த்தால் என்ன என்பார்கள். பழைய காப்பர் லைனில், எதிர்முனையில் எடுத்தார்களா என்பது பல மெஷின்களுக்குத் தெரியாது. நம்பர் போட்டு முடித்ததுமே எடுத்தாச்சு என்று எழுதிக்கொண்டு மற்ற மணிகளை நிறுத்திவிடும். போதாததற்கு, வந்த அழைப்புக்கு ஒரு லைன், வெளியே போவதற்கு ஒரு லைன். இரண்டே லைன் உள்ள லாட்ஜில் அடுத்து கூப்பிடுபவருக்கு பிஸி டோன்தான். ஆகவே செல்லைக் கடைசி நிறுத்தமாக மட்டும் வைக்க வேண்டும்.

மாங்கூழ் ஃபேக்டரியில் வேறு கூத்து. எடைமேடைக்காரர் ஆபீசுக்குத் திருப்ப, ஆபீஸ்காரர் எடைமேடைக்குத் திருப்ப, அழைப்பு நடுவில் சுற்றியது. வாசலில் மாங்காய் டிராக்டர்கள் வரிசை. ஒரு முறைக்கு மேல் திருப்பக்கூடாது என்று மெஷினில் கட்டியதும் அடங்கியது.

அழைப்பு இடம் மாறும் வயிற்றெரிச்சல் பழையது. அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்குத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரோஜர், எக்ஸ்சேஞ்ச் பெண் தன் வாடிக்கையாளர்களைப் போட்டியாளருக்கு இணைப்பதாகச் சந்தேகப்பட்டு, ஆளில்லாமல் இயங்கும் எக்ஸ்சேஞ்சையே உருவாக்கி 1891-ல் காப்புரிமை வாங்கினார் என்பார்கள்.

இன்று திருப்புவது மோசடிக்காரர்கள். ஓடிபி அழைப்பைத் திருடுகிறார்கள் என்பதால், ஸ்டார் 401 ஹாஷ் வழி ஃபார்வர்டை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை. எந்த நம்பரையும் போடச் சொல்லி யாராவது போனில் கேட்டால் போடாதீர்கள். ஆபீசில் ஃபார்வர்டு போட்டால், போட்ட கையோடு வெளி நம்பரிலிருந்து ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.