துருத்தி ஊதினதுக்கு அபராதம்!

போன மாதம் ஒரு சாயங்காலம், விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் என் சைக்கிள் செயின் கழன்றுகொண்டது. ஸ்டாண்டு போட்டு நிமிர்வதற்குள் மூன்று பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் பெடலைச் சுற்றினார். இன்னொருவர் குச்சி எடுத்து செயினை மாட்டினார். மூன்றாமவர், "இதைக் காயலான் கடையில போட்டுட்டு ஒரு பைக் வாங்குங்க சார்" என்று இலவச ஆலோசனை வழங்கினார். நான் செய்ததெல்லாம் சட்டையில் கிரீஸ் படாமல் பார்த்துக்கொண்டதுதான்.

இதே உதவியை 1913-ல் பிரான்ஸில் வாங்கியிருந்தால் எனக்கு அபராதம்! சும்மா சொல்லவில்லை. யூஜின் கிறிஸ்தோஃப் என்ற மனிதருக்குப் போட்டார்களே!

'டூர் டி ஃபிரான்ஸ்' சைக்கிள் பந்தயம் 1903-ல் ஆரம்பித்தது. 'லோட்டோ' என்ற பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காகக் கண்டுபிடித்த யுக்தி அது. (இந்த வரி எங்கள் ஆசிரியர் கண்ணில் படக்கூடாது. அடுத்த வாரமே என்னை சைக்கிளில் ஏற்றி விட்டுவிடுவார்.)

கிறிஸ்தோஃப் 1885-ல் பிறந்தவர். கற்றுக்கொண்ட தொழில், பூட்டு செய்வது. பிழைப்பு, சைக்கிள் மிதிப்பது. 1910-ல் இத்தாலியில் மிலான் - சான் ரெமோ பந்தயம். கொட்டுகிற பனியில் 12 மணி நேரத்துக்கு மேல் மிதித்து ஜெயித்தார். அன்று ஒழுங்காக ஓட்டி முடித்தவர்கள் மொத்தமே நாலு பேர்! 1912 டூரில் இரண்டாவது இடம்.

அடுத்த வருஷம் எப்படியும் முதலிடம் என்று எல்லோரும் நினைத்தார்கள். 1913 ஜூலையில் பயோன் ஊரிலிருந்து லூஷோன் வரை 326 கிலோமீட்டர், ஒரே நாளில். நாம் இங்கிருந்து சென்னைக்குப் போய், பாதி தூரம் திரும்பி வருகிற மாதிரி. நடுவில் டூர்மலே கணவாய், உயரம் 2,115 மீட்டர். கிட்டத்தட்ட ஊட்டி! மண் ரோடு. கியர் மாற்றும் வசதி கிடையாது.

முதலிடத்தில் இருந்தவர் பந்தயத்தை விட்டே விலகிவிட, மொத்தக் கணக்கில் கிறிஸ்தோஃப் முன்னால் வந்துவிட்டார். மலையேறி இறங்கும்போது 'படக்'! முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் முறிந்துவிட்டது.

வேறு வண்டி வாங்கக் கூடாது. யாரும் உதவக் கூடாது. அவரவர் வண்டியை அவரவரே சரி பண்ணிக்கொள்ள வேண்டும். இதுதான் ரூல். மனுஷர் சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டார். மலை அடிவாரத்தில் செயின்ட் மேரி டி கம்பான் என்ற கிராமம் வரை, பத்து கிலோமீட்டருக்குமேல் நடை. வழியில் மற்ற போட்டியாளர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள்.

கிராமத்தில் ஒரு கொல்லுப் பட்டறை. நெருப்பும் சுத்தியலும் கொல்லருடையது, கை மட்டும் கிறிஸ்தோஃபுடையது. பந்தய அதிகாரிகள் சுற்றி நின்று கவனித்தார்கள். அவர்களில் ஒருவர் பசிக்கிறது என்று கிளம்பப் பார்த்தாராம். "கரி இருக்கிறது, சாப்பிடுங்கள்" என்று இவர் சீறினாராம்.

இரும்பைப் பிடிக்கவும் அடிக்கவும் இரண்டு கை வேண்டும். அப்புறம் துருத்தியை யார் ஊதுவது? பட்டறையில் நின்ற ஒரு சின்னப் பையன் ஊதினான். மூன்று மணி நேரத்துக்கு அப்புறம் வண்டி தயார். ஏறி மிதித்தார். ஜெயித்தவர் வந்து சுமார் நாலு மணி நேரம் கழித்து லூஷோன் போய்ச் சேர்ந்தார்.

அங்கே காத்திருந்தது தீர்ப்பு. பையன் துருத்தி ஊதியது வெளியார் உதவி. பத்து நிமிடம் அபராதம்! பிறகு மனம் இரங்கி மூன்று நிமிடமாகக் குறைத்தார்கள். மூன்று நிமிட லேட்டுக்கு ரெஜிஸ்டரில் சிவப்பு மை வாங்கிய ஆபீஸ் நண்பர்களுக்கு இந்த வலி புரியும்.

1919-ல் டூரின் முதலாவது மஞ்சள் ஜெர்ஸியை அணிந்தவரும் இவரே. பந்தயம் முடிய இன்னும் இரண்டே கட்டம்தான் பாக்கி. வாலன்சியென் ஊரில் மறுபடி ஃபோர்க் முறிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நஷ்டம், மூன்றாமிடம். ஜனங்கள் பொறுக்க முடியாமல் 13,000 பிராங்குக்குமேல் வசூல் செய்து கொடுத்தார்கள். 1922-ல், 37 வயதில், காலிபியே மலை இறக்கத்தில்... ஆமாம், அதே ஃபோர்க்!

பி.காம். புத்தியோடு கணக்குப் பார்த்தேன். 11 டூர் ஓடினார், 8 முடித்தார், ஜெயித்தது பூஜ்யம். 1970-ல் இறந்துபோனார். ஆனால், அந்த மலைக் கிராமத்தில் கல்வெட்டும் சிலையும் இவருக்குத்தான். 1913-ல் கோப்பையை வென்றவருக்கு அல்ல!

இந்தக் கதையை இங்கே செராமிக் யூனிட்டில் சூளை பார்க்கும் என் பள்ளித் தோழனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே பொம்மைகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த மூணு நிமிஷத்தாலதான் தோத்தாராடா?"

"இல்லடா. ஏற்கெனவே நாலு மணி நேரம் போச்சே. அது இல்லாவிட்டாலும் தோல்விதான்."

"பின்ன எதுக்குப் போட்டாங்க?"

"ரூல்."

ஒரு பொம்மை 'ணங்'கென்று ஒலிக்காமல் 'டொக்' என்றது. உள்ளே விரிசல். ஓரமாக வைத்தான்.

"வெந்ததுக்கப்புறம் இதை ஒட்ட முடியாது. எத்தனை நாள் வேலை, பாரு... இரும்புன்னா மறுபடி காய்ச்சி அடிக்கலாம். குடுத்துவெச்ச மனுஷன்டா உன் ஆளு!"

சொல்லிவிட்டு அடுத்த பொம்மையை எடுத்துத் தட்டினான்.