பிறர் பொருட்டு நீதிமன்றம் ஏறுதல்

1873-ஆம் ஆண்டில் ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதி காலஞ்சென்றபோது, பட்டத்துக்குரிய மகன் பாஸ்கரர் ஐந்து வயதை ஒட்டிய பாலகர். அத்தனை பெரிய ஜமீனுக்கு வாரிசாக இருந்தும், ஒரு குத்தகை பாக்கிக்காகக்கூடத் தாமாகவே பிராது கொடுக்கும் தகுதி அவருக்குச் சட்டத்தில் இல்லை. அவர் மேஜராகி 1889-இல் பட்டமேறும் வரையில் ஜமீனின் நிர்வாகம் கோர்ட் ஆப் வார்ட்ஸ் என்னும் சர்க்கார் ஸ்தாபனத்திடம் இருந்தது. இதில் ஒரு விநோதம் உண்டு. அவருடைய தந்தையை ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் சுவீகாரம் எடுத்தது செல்லாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் வழக்காடி, 1868-இல் தோற்றவர் மதுரைக் கலெக்டர். அந்தக் கலெக்டருக்கு மேலதிகாரியான சர்க்காரே ஐந்தாண்டு அளவில் தோற்ற வழக்கின் எதிர்க்கட்சிக்காரருடைய பிள்ளைக்குப் பாதுகாவலராகி நின்றது!

நேற்றைய எதிரி இன்று ரட்சகராக வரக்கூடும் என்பதனாலேயோ என்னவோ, ஒருவர் பொருட்டு வேறொருவர் நீதிமன்றம் ஏறுவதை நம் சட்டம் அனுமதித்தாலும், அப்படி ஏறுபவரைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. யார் பொருட்டு வருகிறாரோ அவர் எவ்வளவுக்கு எவ்வளவு நிராதரவானவரோ, அவ்வளவுக்கு அந்தச் சந்தேகமும் வளர்கிறது.

1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 32-ஆவது ஆணையைப் பார்த்தால் இது விளங்கும். மைனரின் வழக்கு மைனரின் பெயரிலேதான் இருக்க வேண்டும். ஆனால் மேஜராகவும் சித்த சுவாதீனம் உள்ளவராகவும், மைனருடைய நலனுக்கு விரோதமான ஆதாயம் தமக்கு இல்லாதவராகவும் இருக்கும் 'அடுத்த நண்பர்' ஒருவர் மூலமாகவே அது வர வேண்டும். அப்படியொருவர் இல்லாமல் பிராது தாக்கலானால், பிரதிவாதி அதைக் கோப்பிலிருந்து நீக்கும்படி கேட்கலாம். செலவுத் தொகையோ தாக்கல் செய்த வக்கீலின் தலையில் விழும். மைனர் பிரதிவாதியானால் கார்டியனைக் கோர்ட்டே நியமிக்கும். அதற்குக் கார்டியனாகிறவருடைய சம்மதமும் வேண்டும். சித்த சுவாதீனம் இல்லாதவர்களுக்கும் இவ்விதிகளே. இவற்றுள் கண்டிப்பானது ராஜி பற்றிய விதி. சித்தப்பாவும் மாமாவும் கூடிப் பேசி, "பிள்ளைக்கு இவ்வளவு போதும்" என்று முடித்துக்கொண்டால், கோர்ட்டின் அனுமதி பெறாத அந்த ராஜி மைனரைக் கட்டாது. டிக்ரிப் பணத்தைக்கூட அடுத்த நண்பர் அனுமதியின்றிக் கையில் வாங்க இயலாது. பதினெட்டு நிரம்பியதும், வழக்கைத் தொடர்வதா கைவிடுவதா என்று தீர்மானிக்கும் உரிமை அந்தப் பிள்ளைக்கே திரும்புகிறது.

புத்தி தெளிவுள்ள மேஜர் ஒருவர் தம் சார்பில் பிறரை அனுப்பும்போது இத்தனை காவல் இல்லை; எழுத்து மாத்திரம் சரியாக இருக்க வேண்டும். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வளைகுடா நாட்டுக்குச் சம்பாதிக்கப் போன மகன் உள்ள வீடுகள் ஏராளம். மகன் பெயரில் உள்ள மனைக்கு அடுத்த மனைக்காரர் வேலி போட்டுவிட்டால், தகப்பனார் ராமநாதபுரம் கோர்ட்டுக்கு விரைகிறார். முதலில் அவரிடம் கேட்பது பவர் பத்திரத்தைத்தான். மகன் இருக்கும் நாட்டு இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று அனுப்பப்பட்ட பத்திரத்துக்கு, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். வழக்குத் தொடுக்கும் அதிகாரம் அதில் வெளிப்படையாக இருத்தல் வேண்டும். இருந்தால் தகப்பனார் பிராதில் கையொப்பமிடலாம், வக்கீலுக்கு வக்காலத்தும் கொடுக்கலாம். ஆயினும் எழுந்து நின்று வக்கீல் போல வாதாட அந்தப் பத்திரம் இடம் தராது. சாட்சிக் கூண்டில் ஏறினாலும், மகனுக்கு மாத்திரம் நேரில் தெரிந்த சங்கதியை மகனுக்குப் பதிலாகச் சொல்ல முடியாது. 2004-இல் ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிரயப் பணத்தை எண்ணிக் கொடுத்தவன் துபாயில் இருக்க, திண்ணையில் இருந்தவர் அதற்குச் சாட்சி சொல்வது எப்படி? மகன் காலமானால் சாதாரணப் பவர் அன்றோடு அற்றுப்போகும் என்பதும் பலருக்கு வழக்கின் நடுவில்தான் தெரியவருகிறது.

தனி ஒருவருக்காக அன்றி ஊர்ப் பொதுவுக்காகச் சிலர் வழக்காட முன்வந்தால் கோர்ட்டின் அனுமதியும், மற்றவர்களுக்கு நோட்டீஸும் அவசியம். ஆட்கள் அதிகமானால் அதைப் பத்திரிகையில் பிரசுரிக்கலாம்.

இந்த வழிகள் எவற்றிலும் அடங்காதது, ராமேசுவரத்திலோ பாம்பனிலோ கடலுக்குப் போய்த் திரும்பாதவருடைய மனைவியின் நிலைமை. அந்தக் கணவர் மைனருமல்லர், பவர் எழுதி வைத்தவருமல்லர். அவருக்காக மனைவி இடும் கையொப்பத்துக்குச் சட்டத்தில் ஆதாரமே இல்லை. உயிரோடிருந்தால் சேதி அறிந்திருக்கக்கூடியவர்களுக்கு ஏழாண்டுகளாக ஒரு சேதியும் கிட்டவில்லையானால், அவர் இருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டம். ஆகவே அந்த அம்மாள் கணவர் பொருட்டு அன்று, தம் பெயரிலேயே, பிள்ளைகளுக்கு அடுத்த நண்பராகவும் நின்று, மரண விளம்புகை கேட்க வேண்டியதாகிறது. ஆனால் ஏழாண்டு என்பது ஊகத்துக்கு வைத்த கெடுவேயன்றி, அதற்கு முன் மரணத்தை நிரூபிக்கவே கூடாது என்ற தடையன்று. இது தெரியாமல் காத்திருந்து வருந்தும் குடும்பங்களை நினைத்தால் மனம் கசக்கிறது. உடன் சென்று, படகு கவிழ்ந்ததைக் கண்ட தொழிலாளி ஒருவர் பிழைத்திருந்தால், அவருடைய வாக்குமூலத்தையும், அன்றைக்கு மீன்வளத் துறையில் வாங்கிய டோக்கனின் விவரத்தையும், போலீஸில் கொடுத்த புகாரின் நகலையும் சேர்த்துக்கொண்டு அந்த அம்மாள் மறுமாதமே வக்கீலைப் பார்க்கலாம்.