தீர்ப்பை நிறுத்திய மனம்

நீரில் பாதி அமிழ்ந்த துடுப்பு வளைந்து தோன்றும். வெளியே எடுத்தால் நேராக இருக்கும். தொலைவில் வட்டமாகத் தெரியும் கோபுரம் அருகில் சென்றால் சதுரமாகத் தெரியலாம். கண்ணால் கண்டதே இவ்வாறு மாறுமாயின், எதை உறுதி எனக் கொள்வது? பழங்காலக் கிரேக்க அறிஞர் சிலர் இவ்வினாவை எழுப்பினர். அவர்களை ஐயவாதிகள் என்பர்.

இவர்களின் முன்னோடி பிர்ரோ. எலிஸ் நகரத்தவர், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிறந்தவர். அலெக்சாந்தரின் படையெடுப்பின்போது இந்தியாவிற்கு வந்து, இங்குள்ள துறவிகளைச் சந்தித்தார் என்று பண்டைய நூல் ஒன்று கூறுகிறது. பிற்காலத்தில் செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் என்னும் மருத்துவர் இக்கொள்கையை விரிவாக எழுதிவைத்தார்.

ஒரு கருத்துக்கும் அதன் எதிர்க்கருத்துக்கும் உள்ள சான்றுகள் சம வலிமையுடன் நின்றால் என்ன செய்வது? தீர்ப்புக் கூறாமல் நிறுத்திவைக்க வேண்டும் என்றனர் ஐயவாதிகள். இந்நிலையை அவர்கள் ‘எபோக்கே’ என்றனர். அதன்பின் வரும் மன அமைதி ‘அட்டராக்சியா’ எனப்பட்டது.

அமைதி வரும் விதத்தை விளக்க செக்ஸ்டஸ் ஒரு கதை சொல்கிறார். அப்பெல்லிஸ் என்னும் ஓவியர் குதிரை ஒன்றை வரைந்தார். அதன் வாய் நுரையை மட்டும் அவரால் வரைய இயலவில்லை. முயன்று சலித்தவர், தூரிகை துடைக்கும் கடற்பஞ்சை ஓவியத்தின்மீது வீசியெறிந்தார். பஞ்சு பட்ட இடத்தில் நுரை அப்படியே தோன்றியது! ஐயவாதிகளும் உண்மையைக் கண்டால் அமைதி கிட்டும் என்று தேடினர். முடிவு காண இயலாது தீர்ப்பை நிறுத்தியபோது, உடலைத் தொடரும் நிழல்போல அமைதி தானே வந்தது.

அவர்கள் செயலற்றுக் கிடந்தனரா? இல்லை. பசித்தால் உண்டனர், ஊர் வழக்கங்களைப் பின்பற்றினர், தொழிலும் கற்றனர். தேன் இனிப்பாகத் தோன்றுவதை அவர்கள் மறுக்கவில்லை. தேனின் இயல்பே இனிமைதான் என்று அறுதியிடவில்லை. குளிரும் தாகமும் அவர்களையும் வருத்தின. ஆனால் ‘இது பெருந்தீமை’ என்னும் எண்ணம் தரும் இரண்டாம் துன்பம் அவர்களுக்கு இல்லை.

மாணவர்களே, ஐயம் வேறு, மறுப்பு வேறு. ‘எதையும் அறிய முடியாது’ என்பதும் ஒரு தீர்ப்பே. ஐயவாதி அதையும் கூறாமல் தொடர்ந்து தேடுவார். உங்கள் தோழி ஒருநாள் பேசாமல் சென்றால், ‘என்னை வெறுக்கிறாள்’ என உடனே முடிவு செய்யாதீர்கள். சற்றுப் பொறுத்திருங்கள், பிறகு கேட்டறியுங்கள். அந்தப் பொறுமையே உங்கள் மனத்தைக் காக்கும்.

சொற்பொருள்
ஐயம் – சந்தேகம்
சான்று – ஆதாரம்
அறுதியிடுதல் – முடிவாகக் கூறுதல்

சிந்தித்து எழுதுக
1. ஓவியரின் கதை உணர்த்தும் கருத்து யாது?
2. நீங்கள் அவசரப்பட்டுச் செய்த முடிவு ஒன்றனைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.