கட்டணம் கேட்கும் மாதமும் உதவி வரும் மாதமும்: தமிழகக் குடும்பங்கள் உயர்கல்விச் செலவை எதிர்கொள்ளும் முறை

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டில் உயர்கல்வி பயில்வோருக்கு அரசு வழங்கும் உதவிகள் பல. ஆயினும் கல்லூரி கட்டணம் கேட்கும் காலமும் உதவித்தொகை வந்து சேரும் காலமும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. இந்த இடைவெளியைக் குடும்பங்கள் நகைக்கடன், ஏலச்சீட்டு, மொய், வட்டிக்கடன் ஆகியவற்றைக் கொண்டு நிரப்புகின்றன. அதனால் உண்டாகும் செலவு எந்தக் கட்டணப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை என்பதையும், வசதி குறைந்த குடும்பமே அச்செலவை மிகுதியாக ஏற்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உயர்கல்விச் செலவு, கல்வி உதவித்தொகை, கல்விக்கடன், நகைக்கடன், மொய் விருந்து.

முன்னுரை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வெளியாகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காலம் கல்லூரிச் சேர்க்கைக்கு உரியது. காவிரிப் படுகையில் குறுவை நடவுக்குப் பணம் தேவைப்படுவதும், பள்ளியில் பயிலும் இளைய பிள்ளைகளுக்குக் கட்டணமும் நோட்டும் சீருடையும் வாங்குவதும் இதே காலத்தில்தான். குறுவை அறுவடைப் பணம் புரட்டாசி, ஐப்பசியிலும் சம்பா அறுவடைப் பணம் தை, மாசியிலும் கைக்கு வரும். ஆண்டு வருமானம் போதுமானதாகத் தோன்றும் குடும்பத்திலும் கட்டணம் செலுத்த வேண்டிய வாரத்தில் பணம் இல்லாமற்போவது இதனால்தான். எனவே ‘எவ்வளவு?’ என்னும் வினாவுடன் ‘எப்போது?’ என்னும் வினாவையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும்.

அரசு உதவிகளும் அவற்றின் காலமும்

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணம் இல்லை. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் முதலியனவே உள்ளன. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளின் நிலை வேறு. 2017இல் கட்டண நிர்ணயக் குழு அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாயும், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளுக்கு 55,000 ரூபாயும் என வரையறுத்தது. விடுதி, உணவு, பேருந்து ஆகியவற்றின் செலவு இதற்குப் புறம்பானது.

இச்சுமையைக் குறைக்கும் உதவிகளைப் பணம் செல்லும் வழியைக் கொண்டு மூவகைப்படுத்தலாம்.

முதல்வகை, அரசு கல்லூரிக்கே செலுத்தும் உதவி. 2010-11ஆம் கல்வியாண்டு முதல் நடைமுறையில் உள்ள முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகை இவ்வகையினது. கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்வோருக்கே இது உரியது. குடும்பத்தில் ஒரு பிள்ளை பட்டம் பெற்றுவிட்டால் அடுத்த பிள்ளைக்குச் சலுகை இல்லை. முதற்பிள்ளை அப்போதுதான் வேலை தேடத் தொடங்கியிருப்பினும் விதி மாறுவதில்லை.

இரண்டாம் வகை, மாணவரின் வங்கிக் கணக்கிற்குப் பின்னர் வந்து சேரும் உதவி. 1944இல் தொடங்கப்பட்ட பட்டியலின மாணவர்க்கான பத்தாம் வகுப்பிற்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை இதற்குத் தலையாய சான்று. இதன் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 இலட்சம் ரூபாய். 2021இல் திருத்தப்பட்ட நெறிமுறைகளின்படி ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்கின்றன. மாநிலப் பங்கு விடுவிக்கப்பட்ட பின்னரே ஒன்றியப் பங்கு மாணவர் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. இணையவழி விண்ணப்பம், சாதி மற்றும் வருமானச் சான்று, ஆதார் இணைப்பு, கல்லூரியின் சரிபார்ப்பு, துறையின் ஒப்புதல் ஆகிய படிகளுள் ஒன்று தாமதமானாலும் மாதங்கள் கடந்துவிடும். கட்டணமோ சேர்க்கையின்போதே கேட்கப்படுகிறது.

மூன்றாம் வகை, மாதந்தோறும் வரும் உதவி. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் நாளும், மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9ஆம் நாளும் தொடங்கப்பட்டன. இத்தொகை சேர்க்கைக் கட்டணத்திற்குப் போதாது. எனினும் பேருந்து, உணவு, நகல் எடுத்தல் போன்ற அன்றாடச் செலவுகள் எழும் முறைக்கு ஏற்ப வருவதால், தொகைக்கு மீறிய பயன் தருகிறது.

இடைவெளியை நிரப்பும் கடன்கள்

உதவித்தொகை வரும்வரை கட்டணத்தைச் செலுத்தக் குடும்பம் முதலில் நாடுவது நகையை. கட்டுரையாளரின் முதுகலைச் சேர்க்கைக்கும் தாயாரின் இரண்டு சவரன் சங்கிலியே பணமாயிற்று. உதவித்தொகை அடுத்த ஆண்டு வந்தது. வந்த தொகை அசலுக்குச் சரியாக இருந்தது. வட்டியைத் தந்தையார் கைமாற்று வாங்கிக் கட்டினார். அரசின் பதிவேட்டில் அந்த ஆண்டுக் கட்டணம் முழுமையாக ஈடுசெய்யப்பட்டதாகவே இருக்கும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். 50,000 ரூபாய்க் கட்டணத்தை ஒரு குடும்பம் கடன்பெற்றுச் செலுத்துவதாகவும், ஈட்டுத்தொகை ஒன்பது மாதம் கழித்து வருவதாகவும் கொள்வோம். நகையை ஆண்டுக்கு 12 விழுக்காட்டு வட்டியில் அடகு வைத்தால் 4,500 ரூபாய் வட்டி. நகை இல்லாத குடும்பம் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டியில் வெளியில் வாங்கினால் 9,000 ரூபாய். மூன்று ரூபாய் வட்டியெனில் 13,500 ரூபாய். சேமிப்பு உள்ள குடும்பத்திற்கு வட்டி ஏதுமில்லை. நான்காண்டுப் படிப்பில் ஒவ்வோராண்டும் இது நிகழுமாயின், இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கிய குடும்பம் 36,000 ரூபாயை வட்டியாக மட்டும் இழந்திருக்கும். ஒரே வகுப்பில் ஒரே கட்டணத்திற்கு உரிய மாணவர்களுள் மிக வறியவருக்கே கல்வி மிக விலையுயர்ந்ததாகிறது. 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருந்தும் அவசரத் தேவை இத்தகைய கடனை நோக்கித் தள்ளுகிறது.

ஏலச்சீட்டும் இத்தன்மையதே. இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டும் ஓர் இலட்ச ரூபாய்ச் சீட்டை, கட்டணத்திற்காக 25,000 ரூபாய் தள்ளி எடுப்பவர் கையில் 75,000 ரூபாயே பெறுகிறார். காத்திருக்க முடிந்தவருக்குச் சீட்டு சேமிப்பு. காத்திருக்க இயலாதவருக்கு அது கடன்.

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் நடைபெறும் மொய் விருந்து இங்குக் கருதத்தக்கது. ஒருவர் முன்னர்ப் பிறருக்குச் செய்த மொய் ஒரே நாளில் அவரிடம் திரும்புகிறது. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கும் அது பயன்படுகிறது. இதற்குக் குறித்த வட்டி இல்லை. ஆனால் பெற்றதைக் கூட்டித் திருப்பிச் செய்வது வழக்கம். மொய் நோட்டில் பெயர் ஏறாத, பிறருக்குச் செய்ய வசதியற்ற குடும்பத்திற்கு இவ்வழியும் திறப்பதில்லை.

வங்கிக் கல்விக்கடன்

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தின்படி 4 இலட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை விலக்குக் காலமாகும். அக்காலத்திலும் தனிவட்டி சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதைப் பல பெற்றோர் பின்னரே அறிகின்றனர். ஆண்டு வருமானம் 4.5 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களின் தொழிற்படிப்பு மாணவர்க்கு அவ்வட்டியை ஒன்றிய அரசு ஏற்கும் திட்டம் 2009-10இல் வந்தது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம், தரவரிசை அடிப்படையில் தேர்ந்த நிறுவனங்களில் பயில்வோருக்கு உரியது. சிற்றூரை ஒட்டிய சாதாரணக் கல்லூரியில் சேரும் மாணவர் பெரும்பாலும் இவ்வரம்பிற்கு வெளியே நிற்கிறார். மேலும், சேர்க்கை ஆணையும் கட்டண விவரமும் கிடைத்த பின்னரே வங்கிக் கடன் பரிசீலிக்கப்படுகிறது. எனவே முதற்பருவக் கட்டணத்திற்கு மீண்டும் நகையே துணை.

2020 தரும் சான்று

அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அவ்வாண்டு நவம்பர்க் கலந்தாய்வில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் செலுத்த இயலாமல் சிலர் இடத்தைத் துறக்கும் நிலை ஏற்பட்டது. அதன்பின், உதவித்தொகை ஒப்பளிப்பிற்குக் காத்திராமல் கட்டணத்தைக் கல்லூரிக்கே உடனடியாகச் செலுத்தச் சுழல் நிதி ஏற்படுத்தப்படும் என அரசு அறிவித்தது. 2021இல் பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் இவ்வொதுக்கீடு விரிந்தபோது கற்பிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்றது. தகுதியும் இடமும் உதவிக்கான உரிமையும் இருந்தும், பணம் உரிய நாளில் இல்லாவிடில் மூன்றும் பயனற்றுப்போகும் என்பதற்கு இந்நிகழ்வே போதிய சான்று.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வருவன அறியப்படுகின்றன.

1. உயர்கல்விச் செலவு என்பது கட்டணமும் அதைத் திரட்டும் செலவும் சேர்ந்தது. பின்னையது குடும்பத்தின் வறுமைக்கு ஏற்பக் கூடுகிறது.

2. பின்னர் ஈடுசெய்யும் உதவித்தொகை அசலைத் திருப்பித் தருகிறது, வட்டியைத் தருவதில்லை.

3. உதவித்தொகை வந்தபின் கட்டணம் செலுத்தும் உறுதியின்பேரில், முன்பணமின்றிச் சேர்க்கை பெறுவதற்கான கட்டணமில்லாச் சேர்க்கை அட்டை நெறிமுறைகளிலேயே உள்ளது. இதனைச் சேர்க்கைக்கு முன்பே மாணவர் கையில் சேர்ப்பதும், கல்லூரிகள் ஏற்பதை உறுதிசெய்வதும் புதிய நிதி ஏதும் கோராத சீர்திருத்தங்களாகும்.

4. சுழல் நிதி முறையைப் பிற படிப்புகளில் பயிலும் உதவித்தொகை மாணவர்க்கும் விரித்தல் நலம்.

முதற்பருவத்திலேயே கல்லூரியை விட்டு நிற்கும் மாணவர் ‘விருப்பமின்மை’, ‘சொந்தக் காரணம்’ என்றே பதிவாகிறார். அச்சொற்களுக்குப் பின்னால் மீட்கப்படாத ஒரு நகை இருக்கக்கூடும். வருங்கால ஆய்வுகள் கட்டணத் தொகையுடன் கட்டணம் திரட்டிய வழியையும் வட்டியையும் கேட்டுப் பதிவு செய்யுமாயின், உயர்கல்வியின் உண்மை விலை வெளிப்படும்.